இன்னொருக்கா

“நீங்கள் பாத்தனீங்கள்தானே, சேர்?”

மெத்தைகளைச் சுவரோடு அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, “எதை?” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் கழற்றி எறிந்த சப்பாத்துகளைச் சோடி சேர்த்து இறாக்கையில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதுதான் தெரியவில்லை.

ஓகஸ்டில் நடந்தது. சோளகம் வீசும் மாதங்களில்தான் வடகரைக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் அந்தக் கற்களுக்குக் கிட்டவும் போக முடியாது. அதனால் கொழும்பில் நடக்கிற சுவர் ஏறும் போட்டிக்கு முன் இரண்டு சனிக்கிழமை காலை, நான் ஏறப் பழக்குகிற பிள்ளைகளைக் கீரிமலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். (குடாநாட்டில் மலை இருப்பது இப்படி ஊர்ப்பெயரில் மட்டும்தான். அங்கேயும் ஏறக் கிடைப்பது கரையோரச் சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் ஆள் உயரம்.) போட்டிக்கும் கடற்கரைக் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தகப்பன் கேட்டார். எங்கள் சுவரில் கால் வைக்கிற பிடியெல்லாம் கத்தரிக்காய் அளவு, பிள்ளைகள் குனிந்தே பார்ப்பதில்லை; கல்லில் ஏறினால் காலைப் பார்க்கப் பழகுவார்கள் என்றேன். அது உண்மை. எனக்குச் சுவரைவிடக் கல் பிடிக்கும் என்பதும் உண்மை, அதை அவருக்குச் சொல்லவில்லை.

அந்தக் கல்லின் அடியை அலை அரித்து அரித்து உள்ளே தள்ளிவிட்டது. ஆகவே கீழே இருந்தபடி தொடங்கி, கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் தாண்டி மேலே வர வேண்டும். மேற்பரப்பு துருவலைப் பல் மாதிரி. நாலு தரம் முயன்றால் விரல் நுனித் தோல் போய்விடும். விடியக் காலையில் கல் வேர்த்திருக்கும், துவாயால் ஒற்றி ஒற்றித்தான் ஏறலாம். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் கை வைக்க ஏலாது. இடையில் கிடைக்கிற நேரம் கொஞ்சம். வலை காயப்போட வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, உந்தக் கல்லில என்ன கிடக்கெண்டு உப்பிடி ஏறுறியள்?” என்று கேட்டார். பெடியள் சிரித்தார்கள். அவர்கள் அன்று முழுக்க வெட்ரிக் லியோனார்டோவைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். 2024இல் பாரிஸில் 15 மீற்றர் சுவரை 4.75 செக்கனில் ஏறித் தங்கம் எடுத்த இந்தோனேசியர். எங்கள் சுவர் 4 மீற்றர்.

அவளுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் பிரச்சினை. வலது கைக்கு நெருப்புப்பெட்டி விளிம்பளவு ஒரு கல். விரல்களை மடித்து, பெருவிரலை மேலே போட்டு அமத்தினால்தான் நிற்கும். பிள்ளைகள் இந்தப் பிடியைக் கிரிம்ப் என்பார்கள். ஆறு தரம் விழுந்தாள். ஏழாவது தரம் மெத்தையில் இருந்தபடியே வலது கையை இரண்டு தரம் மூடி மூடி விரித்தாள். பிறகு இடது பெருவிரலால் நடுவிரலின் நடு மூட்டை ஒருக்கா அமத்தினாள். அமத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சேர், இன்னொருக்கா?”

“சரி.”

ஏறிவிட்டாள். எல்லாரும் கை தட்டினோம். நான் வீடியோ எடுத்தேன், பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிரச்சினை அந்த வீடியோதான். அவள் ஏறுவதிலிருந்து அது தொடங்கவில்லை, கையை மூடி விரிப்பதிலிருந்து தொடங்குகிறது. மூன்று, நாலு செக்கன். மூட்டை அமத்துவதும் இருக்கிறது, என் “சரி”யும் இருக்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் படத்தின் சட்டத்தைத்தான் பார்ப்பான், உள்ளே நடப்பதை அல்ல என்று எனக்கு நானே பல தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் வீடியோ எடுக்க முந்தியே பார்த்துவிட்டேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுவரடியில் அவளுடைய நடுவிரல் லேசாகத் தடித்திருந்தது. மூட்டின் பக்கவாட்டில் அமத்தினேன். கையை இழுத்துக்கொண்டாள். “நோகேல்லை, சேர்,” என்றாள், கையை இழுத்த பிறகு.

வயது வந்தவர்களுக்கு விரலில் கிழிவது தசைநாணை எலும்போடு பிடித்து வைக்கும் வளையம். சில வேளை ‘டக்’ என்று சத்தமே கேட்கும், ஆளுக்குத் தெரிந்துவிடும். வளர்கிற பிள்ளைகளில் அப்படியில்லை. அவர்களுக்கு எலும்பின் முனையில், வளர்ச்சி நடக்கிற இடம்தான் பலவீனமானது. அது சத்தம் போடாது. கிழமைக்கணக்கில் மெல்ல மெல்ல நோகும், நடுவிரலின் நடு மூட்டில்தான் அதிகம். கவனிக்காமல் விட்டால் விரல் கோணலாக வளரலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

இதையெல்லாம் நான் அவளுடைய அம்மாவுக்குச் சொன்னது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்த பிறகு. அதில் ஒன்றும் இல்லை.

“டொக்டரே ஒண்டுமில்லை எண்டிட்டார், சேர். பிறகேன் விடமாட்டன் எண்டிறியள்? யாழ்தேவிக்கு ரிக்கற்றும் எடுத்தாச்சு.”

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. பெயரை வெட்டினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை இளகியிருப்பேன், தெரியாது.

அந்த முடிவு சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில். அன்று நான் “சரி” என்று சொல்லியிருக்காவிட்டால் இவ்வளவு இறுக்கமாக நின்றிருப்பேனா? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெடியனை விரலில் பிளாஸ்டர் சுற்றிப் போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். அவனுக்கும் தடிப்பு இருந்தது. “கவனமா ஏறு” என்று மட்டும் சொன்னேன். அவனுடைய விரல் இன்றைக்கு நேராகத்தான் இருக்கிறது. அவனுக்கு இல்லாத சட்டம் இவளுக்கு எங்கேயிருந்து வந்தது?

ஒரே ஒரு தரம் ஏறியதால் இது வருவதில்லை, பல மாதச் சுமை சேர்ந்துதான் வரும் என்று இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் பிழை இல்லை. ஆனால் அப்படியென்றால் அந்தப் பல மாதமும் பிள்ளை யாரிடம் பழகினாள்? கதவு நிலைக்கு மேலே மரச்சட்டம் அடித்து, விரலால் தொங்கிப் பழகுங்கோ என்று சொன்னது யார்? அந்தச் சட்டத்தை அதே கிழமை கழற்றிவிட்டேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்குப் பெயின்ற் அடிக்கப் போகிறேன் என்றேன். இன்னும் அடிக்கவில்லை.

கொழும்பில் மூன்றாவது புரொப்ளம், அதாவது சுவரில் ஏறச் சொல்லி வைத்த மூன்றாவது வழி, முழுக்கச் சின்னச் சின்ன விளிம்புகள், சாய்வு குறைவு. அவளுக்கென்றே வைத்த மாதிரி. ஐந்து நிமிடம் ஏற, ஐந்து நிமிடம் ஆற என்று மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தனியறையிலிருந்து வந்து அதில் வழுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பெடியள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவளுடைய அம்மா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். தேத்தண்ணியும் சீனியரியாரமும். இணையத்தில் எதையோ வாசித்திருக்கிறார், எக்ஸ்ரேயில் தெரியாது என்பது உண்மைதானாம். “உங்களைப்போலக் கவனமான ஆளிட்டை விட்டிருக்கிறது எங்களுக்கு எவ்வளவு நிம்மதி, சேர்,” என்றார். அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். “இல்லை அம்மா, அண்டைக்குக் கடற்கரையில நான்...” என்று தொடங்கினால் போதும். நான் இன்னொரு அரியாரத்தை எடுத்தேன். சுவரடியில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது அதற்கு அடுத்த சனிக்கிழமை.

எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை, செலவு. அதனால் உள்ளே என்ன நடந்தது என்று இனித் தெரியப்போவதில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்படியானால் ஒன்றுமில்லாத விரலுக்காக ஒரு பிள்ளையின் போட்டியைக் கெடுத்திருக்கிறேன். எதை விரும்புவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வீடியோ இன்னும் குழுவில் கிடக்கிறது. எல்லாருக்கும் அழிக்கிற நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

டிசம்பரில் அவள் மெல்ல ஏறத் தொடங்கினாள், பெரிய பிடிகளில் மட்டும். இப்போது ஏற முந்தி எல்லாரும் வரிசையில் நின்று கையைக் காட்ட வேண்டும், நான் ஒவ்வொரு நடு மூட்டையும் அமத்திப் பார்ப்பேன். “சேர் மாடு வாங்கப் போறார்” என்று பெடியள் பகிடி பண்ணுகிறார்கள். போன கிழமை அவளுடைய முறை வந்தபோது வலது கையை நீட்டினாள். விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

“நோகுதோ?”

“இல்லை, சேர்.”

இன்னும் கொஞ்சம் அமத்தினேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவளுக்குப் பின்னால் நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“சரி,” என்றேன்.