கப்பல் பட்டியலும் நான்கு துறைகளும்

பல்துறை ஆய்வை வளர்க்கப்போகிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்தால், முதலில் நடப்பது கருத்தரங்கு. மதியத்துக்குப் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி), பிறகு குழுப்படம். அதன்பின் அவரவர் கட்டடத்துக்கு அவரவர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தூரமும் ஒரு தடை. நேட்டால், டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகங்களை 2004இல் இணைத்து உருவாக்கிய குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஐந்து வளாகங்களில் சிதறிக் கிடக்கிறது. அதில் ஒன்று சுமார் 80 கிலோமீட்டர் தள்ளிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். ஆனாலும் கூட்டு முயற்சிகள் தூரத்தால் முறிவது குறைவு. தொடக்கத்திலேயே பேசி எழுதிவைக்க வேண்டியதை யாரும் எழுதாததால்தான் முறிகின்றன.

எடுத்துக்காட்டுக்கு ஒரு திட்டத்தை வைத்துக்கொள்வோம். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்த ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. அவர்களின் வழிவந்தோரிடம் சர்க்கரை நோய் அதிகம். வரலாற்றாய்வாளர், கணினிக்காரர், நிலவியல் வரைபடக்காரர், மருத்துவர் ஆகிய நால்வரும் சேர்ந்து டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களை ஆராயப்போகிறார்கள்.

முதல் சண்டை அட்டவணையில் வரும். பட்டியலின் ஒரு வரியில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமியே மூன்சாமி, முனிசாமி என்று பல உருவில் வருவார். கணினிக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் வரலாற்றாய்வாளருக்கு மூல ஆவணம் போயிற்று. ஆகவே பட்டியலில் உள்ளபடியே ஒரு பத்தி (நெடுவரிசை). அதை யாரும் தொடக்கூடாது, பூட்டிவிட வேண்டும். சீராக்கிய பெயருக்கு வேறு பத்தி. யார், எந்தத் தேதியில், எவ்வளவு உறுதியோடு சீராக்கினார் என்பதற்கு இன்னொன்று.

உயரத்தில் இன்னும் மோசமான பொறி இருக்கிறது. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று அடித்தால் எக்செல் கடைசிச் சுழியத்தை விழுங்கி 5.1 ஆக்கிவிடும். அதை அடுத்தவர் 5 அடி 1 அங்குலம் என்று படிப்பார். ஆளுக்கு 9 அங்குலம், அதாவது 23 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. மருத்துவர் அந்தக் காலத்து ஊட்டச்சத்தை உயரத்தை வைத்துக் கணிக்கப்போகிறார் என்றால் கதை கந்தல். அடிக்கு ஒரு பத்தி, அங்குலத்துக்கு ஒரு பத்தி, சென்டிமீட்டரைக் கணக்கிட்டுப் போட மூன்றாவது.

ஜில்லாவும் அப்படித்தான். வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர் எல்லைக்குள் புள்ளி வைக்கக்கூடாது. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் வரைபடத்தில் தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிடும். வரலாற்றாய்வாளர் முதல் ஐம்பது வரிகளை வரைபடக்காரரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஒரு முற்பகல் போதும்.

நெறிமுறை அனுமதியில் பலர் செய்யும் தவறு, திட்டத்தை இரண்டாக வெட்டி கலைத்துறை நெறிமுறைக் குழுவுக்குப் பாதி, மருத்துவ நெறிமுறைக் குழுவுக்குப் பாதி அனுப்புவது. இரண்டும் வெவ்வேறு நிபந்தனை போட்டால் இணைக்கவே முடியாது. ஒரே ஆய்வுத்திட்டமாக மருத்துவக் குழுவிடமே கொடுப்பது நல்லது. 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலாக்கப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் (பொப்பியா) உயிரோடிருப்பவர்களுக்குத்தான். கப்பலில் வந்தவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் பேரனின் உடல்நலமும் இனமும் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல்; அவருடைய ரத்தச் சர்க்கரை அளவோடு தாத்தாவின் வரியை இணைத்த கணமே அந்த வரியும் சட்டத்துக்குள் வந்துவிடும். சம்மதப் படிவத்தில் ரத்தத்துக்கு ஒரு கையெழுத்து, குடும்ப வரலாற்றோடு இணைப்பதற்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள். சாதிப் பத்தியைக் குடும்பத்தாரிடம் காட்டுவதா வேண்டாமா என்பதையும் வீடு தேடிப் போவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். வாசலில் நின்று யோசிக்கிற விஷயமில்லை அது. உமிழ்நீர் மாதிரியைச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் 2018 ஜூலையில் அரசிதழில் வந்த, மாதிரிகளைக் கைமாற்றுவதற்கான ஒப்பந்தமும் சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் கூரியருக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதற்கான மாதங்களை ஒதுக்குவதில்லை.

இனி துறைகள் கூட்டாய்வுக்குத் தயங்குவதன் உண்மையான காரணத்துக்கு வருவோம்: மானிய அலகு, அதாவது ஆய்வு வெளியீடுகளுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு அரசு தரும் பணத்தின் அளவுகோல். தென்னாப்பிரிக்காவில் ஏற்பளிக்கப்பட்ட இதழில் வரும் ஒரு கட்டுரைக்கு உயர்கல்வித் துறை தருவது ஒரு அலகு. அதை ஆசிரியர்களின் எண்ணிக்கையால் வகுத்து அவரவர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறது. நால்வரில் இருவர் உங்களிடம், ஒருவர் கேப் டவுனில், ஒருவர் சென்னையில் என்றால் உங்களுக்கு அரை அலகு. சென்னைக்காரரின் கால் பங்கு யாருக்கும் இல்லை. ஒருவர் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரையும் போட்டால் அவர் பங்கும் பிளவுபடும். பணம் வருவதோ கட்டுரை வெளியாகி இரண்டு ஆண்டு கழித்து.

வரலாற்றாய்வாளர் தனியாக ஒரு கட்டுரை எழுதினால் முழு அலகு. புத்தகம் எழுதினால் 2015 கொள்கைப்படி 10 அலகு வரைக்கும் போகும். மருத்துவர்களோடு பன்னிரண்டு பேரில் ஒருவராகப் பெயர் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவருடைய துறைத் தலைவர் முகம் சுளிப்பதில் வியப்பே இல்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. உதவ விரும்பும் ஆய்வு அலுவலகம் கருத்தரங்குச் செலவை வெட்டி, அந்தப் பணத்தில் இத்தகைய துறைகளின் இழப்பை ஈடுகட்டலாம். முனைவர் பட்டம் முடிந்தால் 3 அலகு. மாணவர் பதிவுசெய்த துறைக்கே அது முழுவதும் போய்விடுமா, இணை நெறியாளரின் துறைக்கும் பங்கு உண்டா என்று பதிவு நாளிலேயே இரு துறைத் தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். மூன்றாம் ஆண்டில் கேட்டால் கிடைக்காது.

கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று காட்ட 14 வகைப் பங்களிப்புகளைப் பட்டியலிடும் கிரெடிட் (CRediT) முறையைப் பயன்படுத்தலாம். முழுத் தீர்வல்ல, ஆனால் தரவைத் திருத்திய மாணவியின் உழைப்பு நன்றியுரையோடு நின்றுபோகாமல் தடுக்கும்.

இத்தனையையும் பார்த்துக்கொள்ள அரை நேர ஒருங்கிணைப்பாளராவது வேண்டும். பேராசிரியர்கள் தலைக்கு மேல் வேலையோடு இருக்கிறார்கள். விதைநிதியில் முதல் செலவு அந்தச் சம்பளமாக இருக்கட்டும், கணினி அப்புறம் வாங்கலாம். வேலையை மார்ச்சுக்குள் தொடங்கிவிடுங்கள்: டிசம்பர் நடுவில் வளாகம் மூடிவிடும், நெறிமுறைக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் எழுத ஜனவரி கடைசி வரை ஆள் கிடைக்காது.