பாப்பா அசையாமல் இருக்க வேண்டிய அரைமணி நேரம்

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள், குழந்தையின் இடது கிட்னியில் நீர் கோத்திருக்கிறது என்று. நிறையக் குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு தானாகச் சரியாகிவிடுமாம். எங்கள் பாப்பாவுக்கு ஆகவில்லை. பிறந்தபின் எடுத்த இரண்டு அல்ட்ராசவுண்டிலும் வீக்கம் அப்படியே இருந்தது. "வீக்கம் இருக்குன்னு இதுல தெரியும். அந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்யுது, நீர் கீழே இறங்குதான்னு தெரியாது. ரீனோகிராம் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். ஊசியில் கொஞ்சம் கதிர் விடும் மருந்தை ஏற்றி, கிட்னி அதை எப்படி வடித்து இறக்குகிறது என்று கேமராவில் பார்க்கும் ஸ்கேன் அது. பிறந்த புதிதில் கிட்னி முழுசாக முதிர்ந்திருக்காது என்பதால் ஆறு வாரம் தாண்டும்வரை காத்திருந்தோம்.

சீட்டில் 'நியூக்ளியர் மெடிசின்' என்று பார்த்ததும் என் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "ஏங்கண்ணு, கூடங்குளத்துல இருக்குதே, அதுவா?"

முதலில் கொடுத்த தேதியில் ஸ்கேன் நடக்கவேயில்லை. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குக் கிளம்பப் பையெல்லாம் கட்டிவைத்துவிட்டோம். காலை ஆறு மணிக்கு போன். "ஜெனரேட்டர் இன்னும் வந்து சேரலைங்க, அடுத்த வாரம் வாங்க." கரண்ட் போனால் போடுகிற ஜெனரேட்டர் என்று நினைத்து, "ரிப்பேருங்களா?" என்று கேட்டுவைத்தேன். அந்தப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னதே பெரிய விஷயம்.

பிறகுதான் விளங்கியது. ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம் இருக்கும் ஒரு சின்னக் கலத்தைத்தான் ஜெனரேட்டர் என்கிறார்கள். அது சிதையச் சிதைய, ஸ்கேன் மருந்தில் கதிர் விடும் பொருளான டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை விட்டு அதைப் பிரித்து எடுப்பார்கள். மாடு கறப்பது என்றுதான் அந்தத் துறையிலேயே சொல்வார்களாம். மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு வாரத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் வாங்கி அடுக்கிவைக்கிற சரக்கில்லை இது. புதுசு வரத் தாமதமானால் அன்றைய குழந்தைகள் எல்லோரும் திரும்ப வேண்டியதுதான். முந்தின நாள் சாயங்காலமே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

ஸ்கேன் என்றாலே வெறும் வயிறு என்பது என் நினைப்பு. இதற்கு நேர் எதிர். உடம்பில் நீர்ச்சத்து இருந்தால்தான் கிட்னி ஒழுங்காக வடிக்கும். மயக்க மருந்து வேண்டாம், கொஞ்சம் பசியோடு கூட்டிவாருங்கள், ஊசிக்கான வென்ஃப்ளான் (நரம்பில் செருகிவைக்கும் சின்னக் குழாய்) போட்டபின் வயிறு நிறையப் பால் கொடுத்துப் போர்வையில் இறுக்கிச் சுற்றினால் தானாகத் தூங்கிவிடும் என்றார்கள். (மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் கதை வேறு. அப்போது பால் எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு.) வழியெல்லாம் பாப்பாவைத் தூங்கவிடக் கூடாது என்பதுதான் எங்கள் திட்டம். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். உக்கடத்தில் கண்விழித்து, புதுப் பூவாகச் சிரித்தாள்.

அன்றைய நாளில் கஷ்டமான பகுதி நரம்பு தேடியதுதான். பத்து வாரக் குழந்தையின் கொழுகொழு கையில் நரம்பு எங்கே தெரியும்? இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை. மூன்றாவதாகக் காலில் கிடைத்தது. என் கணவர் வெளியே போய்விட்டார். உப்புநீர் ஏற்றிச் சரிபார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் கணக்கே தப்பாகிவிடும் என்பதால் அவசரப்படாமல் தேடியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை, கோபம்தான் வந்தது.

மேசைக்கு அடியில் கேமரா. அது எந்தக் கதிரையும் விடுவதில்லை. மருந்து குழந்தையின் உடம்பிலிருந்து விடும் கதிரை வாங்கிப் படமாக்குகிறது, அவ்வளவுதான். பாப்பாவைச் சுற்றிக் கட்டி, இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். மருந்து ஏறிய சில நொடியில் திரையில் நெஞ்சுப் பகுதி மின்னியது, அப்புறம் வலது கிட்னி, கொஞ்சம் மங்கலாக இடது. பாப்பா தூங்கவில்லை. விரலைச் சப்பவும் முடியாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தூளி ஆட்டும்போது சொல்கிற "ரோ ரோ"வை அரைமணி நேரம் விடாமல் சொன்னேன். நடுவில் நீர் பிரிய லாசிக்ஸ் போட்டார்கள். சற்று நேரத்தில் டயப்பர் கனத்துவிட்டது. அப்புறம் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நடக்கச் சொல்லி, கடைசியாக ஒரு படம். படுத்த நிலையில் தேங்குவது நிமிர்த்தினால் இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அது.

கதிர் பற்றிக் கேட்டேன். மருந்தின் அளவை எடை பார்த்துத்தான் போடுகிறார்கள். டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும், பெரும்பகுதி அதற்கு முன்பே சிறுநீரில் போய்விடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் ஒரு வருடத்தில் இயல்பாகவே வாங்கிக்கொள்வதைவிட இது குறைவுதான் என்றார் அங்கிருந்தவர். ஒரு நாளைக்கு டயப்பரை அடிக்கடி மாற்றி, தனிப் பையில் கட்டி வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் அன்று தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

வீட்டில் அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். பாப்பா அழ ஆரம்பித்தால் முதலில் ஓடுவது அவர்தான். அன்று ராத்திரி தூளியில் நீளமாகக் கயிறு கட்டி, அடுத்த அறை வாசலில் உட்கார்ந்து ஆட்டினார்.

ரிப்போர்ட் மறுநாள் வந்தது. இரண்டு கிட்னியும் சேர்ந்து செய்யும் வேலையில் வலதின் பங்கு 58, இடதின் பங்கு 42 சதவீதம். 45 முதல் 55-க்குள் இருந்தால் சமமாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வார்களாம். நீர் மெதுவாக இறங்குகிறது, முழு அடைப்பு இல்லை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், 40-க்குக் கீழே போனால் யோசிப்போம் என்றார் டாக்டர்.

அடுத்த ரீனோகிராம் பாப்பாவுக்கு ஒரு வயது ஆகும்போது. இப்போதே குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள். போர்வை வித்தை அப்போது பலிக்காது. மயக்க மருந்து பற்றிக் கேட்க வேண்டியவற்றை இந்த முறை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறேன். ஜெனரேட்டர் வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி.