பானை சாரின் அலமாரி

பானை சார் காலமான செய்தியை நம் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் பார்த்ததும் நினைவுக்கு வந்தது எட்டாம் வகுப்பு மூலையில் நின்ற அந்தப் பச்சை அலமாரிதான். சிலைமான் பக்கம் வயல்வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் அவர் பொறுக்கி வந்த பானை ஓடுகள், சங்கு வளையல் துண்டுகள், தேய்ந்துபோன செப்புக்காசுகள். பூட்டு கிடையாது.

“கையில எடுத்துப் பாருடா” என்பார். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்பக்கம் காற்றுப் படாமல் கறுத்துவிட்டது என்று விளக்குவார். விரலால் தடவினால், சக்கரம் சுற்றியபோது விழுந்த வரிகள் தட்டுப்படும். அந்தச் சொரசொரப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

தமுக்கத்தில் காந்தி மியூசியத்துக்கு வருஷா வருஷம் போவோமே, மற்ற வகுப்புகளை “நிக்காதே, நகரு” என்று விரட்டுவார்கள். சார் மட்டும் காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த அந்த ரத்தக்கறை படிந்த துணியின் முன்னால் எங்களை வெகுநேரம் நிற்க வைத்தார்.

லண்டனுக்கு வந்த பிறகு, பழைய காலத்து மியூசியங்களைப் பார்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எல்லாம் அவரால் வந்த பழக்கம். 1784இல் வில்லியம் ஹட்டன் என்ற பர்மிங்காம் புத்தக வியாபாரி பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனார். அனுமதி இலவசம்தான், ஆனால் சீட்டுக் கிடைப்பது குதிரைக்கொம்பு; அவர் காசு கொடுத்துத்தான் ஒன்றை வாங்கினார். உள்ளே அழைத்துப் போனவர் ஓட்டமும் நடையுமாக இழுத்துப் போனார். ஏதோ விவரம் கேட்டதற்கு, இங்கே இருப்பதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா என்று எரிந்து விழுந்தார். ஒன்றும் தெரியாமலே வெளியே வந்த வருத்தத்தை ஹட்டன் எழுதியிருக்கிறார்.

இரண்டே வருஷம் கழித்து சோஃபி ஃபோன் லா ரோஷ் என்ற ஜெர்மன் எழுத்தாளர் அதே இடத்துக்கு வந்தார். அவர் ஒரு பழைய அஸ்திக் கலசத்தின் சாம்பலைத் தொட்டுப் பார்க்கிறார். என்றோ இறந்துபோன அந்தப் பெண்ணின் கையை அவள் தோழி பற்றியிருப்பாளே, அந்தப் பரிவோடு ஒரு துகளை விரலிடுக்கில் மெல்ல அழுத்தினேன் என்கிறார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் 1710இல் ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் மியூசியத்தைப் பார்த்த ஊஃபன்பாக் என்ற ஜெர்மன்காரர், சாதாரண ஜனங்கள், அதிலும் பெண்கள், சிக்ஸ்பென்ஸ் கொடுத்து நுழைந்து எல்லாவற்றையும் கையால் தொடுகிறார்கள் என்று முகம் சுளித்தார். சார் இருந்திருந்தால் அவரோடு ஒரு சண்டையே போட்டிருப்பார்.

அந்த ஆய்வு நாளை மறந்திருக்க மாட்டீர்கள். வந்த அதிகாரி அலமாரியைத் திறந்தார். “பள்ளிக்கூடத்துல எதுக்கு இந்தக் குப்பை?” என்று எங்கள் முன்னாலேயே கேட்டார். சார் பதில் பேசவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டு போனார். மறுநாள் சட்டைப்பையில் ஒரே ஓட்டோடு வகுப்புக்கு வந்தார். அது பெஞ்சு பெஞ்சாகக் கைமாறியது. நான் பார்த்த மியூசியங்களில் பெரியது எது என்று கேட்டால் அந்தச் சட்டைப்பையைத்தான் சொல்வேன்.

2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்தபோது சாருக்கு நடமாட்டம் இல்லை. பேரன் செல்போனில் படம் காட்டினானாம். “நம்ம ஓடுதான்டா” என்றாராம். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். நான் ஊரிலேயே இருந்திருந்தால், ஒரு ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிப் போயிருப்பேன்.