லூர்து: கை நீட்டி வாங்கும் தாழ்மை

லூர்து திருத்தலத்தில் நோயாளிகளுக்குத்தான் முதலிடம். கெபி என்று சொல்லப்படும் குகையிலும் சரி, மாலை நேர நற்கருணைப் பவனியிலும் சரி, சக்கர நாற்காலிகளும் நீல வண்டிகளும் முதலில் போகும். நடக்க முடிந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். யாரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில், காவ் ஆற்றங்கரையில் இருக்கிறது மசபியேல் கெபி. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, பெர்னதெத் என்ற 14 வயது ஏழைப் பெண்ணுக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்த இடம். அந்த வரலாறு பலருக்கும் தெரியும். நான் சொல்ல நினைப்பது அங்கே நடக்கும் தொண்டைப் பற்றி.

நோயாளிகளின் வண்டிகளை இழுப்பவர்கள் தொண்டர்கள். சம்பளம் கிடையாது, பயணத்துக்கும் தங்குவதற்கும் அவர்களே செலவு செய்துகொள்கிறார்கள். நரைத்த தலையுடன் ஒருவர் தரையில் மண்டியிட்டு, ஒரு நோயாளியின் காலைத் தூக்கி மிதிபலகையில் சரியாக வைத்துவிட்டு, வாயோரம் வழிந்ததையும் துடைத்துவிட்டார். வெளியே அவர் பெரிய பதவியில் இருப்பவரோ என்னவோ, அங்கே அதை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் ஊற்றுநீருக்கு வரிசையில் நின்றேன். தொண்டர் ஒருவர் குவளையிலிருந்து நம் கைகளில் நீர் ஊற்றுவார். கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, கொஞ்சம் குடிக்க வேண்டும். போய்க் குடித்துக் கழுவிக்கொள் என்று மாதா பெர்னதெத்திடம் சொன்னதைத்தான் நாமும் செய்கிறோம். என் முறை வந்தது. என்னைவிட மிகவும் மூத்த ஓர் அம்மா, நிற்கவே சிரமப்படுகிறவர், எனக்கு ஊற்றினார். குவளையை நானே வாங்கிக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது.

இயேசு சீடர்களின் காலைக் கழுவிய கடைசி இராவுணவின்போது, சீடர் பேதுருவும் அப்படித்தானே மறுத்தார்? ஆண்டவர் தன் காலைக் கழுவக் கூடாது என்றார். கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்றார் இயேசு. இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் நாமும் பிறர் காலைக் கழுவ வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறோம். முதலில் சீடர்கள் காலை நீட்ட வேண்டியிருந்ததை யோசிப்பதில்லை. கொடுக்கிற கை மேலே இருக்கிறது. அதில் பெருமை ஒளிந்துகொள்ள இடமுண்டு. வாங்குகிற கைக்கு அந்த வசதி இல்லை. பிறர் குளிப்பாட்ட, பிறர் ஊட்ட, தினமும் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் அந்த நோயாளிகள். அவர்களுடைய தாழ்மையை நாம் தாழ்மைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. லூர்து அவர்களை முன்வரிசையில் வைப்பது இரக்கத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெர்னதெத்தின் வாழ்விலும் இரண்டு பக்கமும் உண்டு. 1866-ல் நெவேர் நகரத் துறவு மடத்தில் சேர்ந்த பிறகு அவர் லூர்துக்குத் திரும்பவே இல்லை. 1876-ல் கெபிக்கு மேலே எழுந்த பேராலயம் அர்ச்சிக்கப்பட்டபோதும் வரவில்லை. மடத்தின் நோயாளர் பிரிவில் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டார். பிறகு தானே நோயாளியாகப் படுத்து, மற்றவர்களின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். 1879-ல் இறந்தபோது வயது 35.

லூர்து போகிறவர்கள் கெபியோடு திரும்பிவிடாமல், பெர்னதெத்தின் குடும்பம் வாழ்ந்த காஷோவையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் சிறைச்சாலை. உடல்நலத்துக்கு ஆகாது என்று கைவிடப்பட்ட ஒற்றை அறை. பிழைப்பு நொடித்துப்போய்த் தங்க இடமில்லாதபோது உறவினர் ஒருவர் கொடுத்தது. காட்சிகள் நடந்த நாட்களில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள் என ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள். முடிந்தால் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதற்கு முன்பே அங்கே போய்விட்டு வாருங்கள்.