ஒரு கரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சேயாற்றங்கரையின் ஏழும் ஏழும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்புவார்கள் அல்லவா, அந்தச் சாலைக்குக் காஞ்சி சாலை என்று பெயர். காஞ்சிபுரம் போகிற சாலை என்று நினைத்துக்கொண்டே அதில் வருஷக்கணக்காக நடப்பவர்கள் உண்டு. இந்தக் காஞ்சி வேறு. சவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் சேயாற்றின் கரையில் உள்ள கிராமம் அது. சப்த கரைகண்டம் என்னும் ஏழு சிவத்தலங்களில் ஒன்று. கிரிவலப் பாதையில் கூட்டமெல்லாம் அண்ணாமலையைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிட, சாலை மட்டும் ஆற்றைத் தேடிப் போகிறது.

ஆறு வந்த கதையை இந்தப் பக்கத்தில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணாமலையாரிடம் இடப்பாகம் பெறக் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அம்பிகை, வழியில் வாழை இலையால் பந்தலிட்டு மணல் லிங்கம் பிடித்தாள். அந்த இடம்தான் வாழைப்பந்தல். பூஜைக்குத் தண்ணீர் வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டாள். முருகன் மேற்கே மலையைப் பார்த்து வேலை எறிய, அங்கே தவத்தில் இருந்த ஏழு பேரின் தலை துண்டானது. தண்ணீர் செந்நிறமாக வந்தது. அந்தத் தோஷம் தீர ஒரு கரையில் ஏழு லிங்கம், மறுகரையில் ஏழு லிங்கம் வைத்து வழிபடச் சொன்னாள் தாய். சேய் உண்டாக்கியதால் சேயாறு. சிவந்து வந்ததால் செய்யாறு என்றும் பொருள் சொல்லலாம், 'செய்ய' என்றால் சிவந்த. இன்றைய வரைபடத்தில் இருப்பது இரண்டாவது பெயர்தான்.

வடகரை ஏழும் கரைகண்டேஸ்வரர் கோயில்கள்: காஞ்சி, கடலாடி, தென்மாதிமங்கலம், மாம்பாக்கம், எலத்தூர், பூண்டி, குருவிமலை. தென்கரை ஏழும் கைலாசநாதர் கோயில்கள்: வாசுதேவன்பட்டு, தாமரைப்பாக்கம், நார்த்தாம்பூண்டி, பழங்கோயில், தென்பள்ளிப்பட்டு, கரைப்பூண்டி, மண்டகொளத்தூர். தென்மாதிமங்கலத்தின் முழுப்பெயர் தென்மகாதேவமங்கலம். பேருந்துப் பலகையில் இரண்டில் எதுவும் இருக்கலாம். நார்த்தாம்பூண்டி நாரதர் பூண்டியாக இருந்தது என்பது ஊரார் சொல்வது. கடலே இல்லாத ஊருக்குக் கடலாடி என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும்.

கரைகண்டம் என்ற பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆற்றங்கரையில் இருப்பதால் 'கரை' என்று இடையின ரகரம் போட்டு எழுதுகிறோம். ஆனால் சிவனுக்குக் கறைக்கண்டன் என்ற பழம்பெயர் உண்டு. நஞ்சின் கறை படிந்த கழுத்தை உடையவன். அது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. இதே பள்ளத்தாக்கைப் பாடுகிற சங்க நூல் மலைபடுகடாம். செங்கண்மா என்ற இன்றைய செங்கத்தில் இருந்த நன்னன் என்னும் சிற்றரசனிடம் கூத்தர்களை வழியனுப்பும் பாட்டு அது. அதில் நவிரமலையில் உறைபவராகக் 'காரியுண்டிக் கடவுள்' வருகிறார். கரிய நஞ்சை உண்ட கடவுள். அந்த நவிரம்தான் தென்மாதிமங்கலத்துக்கு மேலே நிற்கும் பர்வதமலை என்கிறார்கள். மலைமேல் நஞ்சுண்டவர், மலையடியில் கறைக்கண்டர். ஒரே சாமியின் பெயர் ஆற்றோடு இறங்கி வந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பாட்டில் யாத்திரைக்காரர்களுக்கு இன்றும் உதவுகிற ஒரு வரி இருக்கிறது: 'சேயாற்றின் யாணர் ஒருகரைக் கொண்டனிர் கழிமின்'. சேயாற்றின் வளமான ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு போங்கள். பதினான்கு கோயிலையும் ஒரே நாளில் முடித்துவிடக் கிளம்புகிறவர்கள் தோற்பது இந்த வரியை மீறுவதால்தான். வரைபடத்தில் பார்த்தால் வடகரை ஊருக்கு நேர் எதிரே தென்கரை ஊர் இருக்கும், நடுவில் ஆறுதானே என்று தோன்றும். ஆனால் எல்லா ஊருக்கும் பாலம் கிடையாது. தரைப்பாலம் இருக்கும் இடத்திலும் தண்ணீர் ஏறினால் போக்குவரத்து நின்றுவிடும். இக்கரையும் அக்கரையுமாக அலைந்தால் பாதி நாள் சாலையிலேயே போகும். ஒரு நாள் வடகரை, ஒரு நாள் தென்கரை. வடகரையைக் காஞ்சியில் தொடங்கிக் குருவிமலையில் முடித்தால் ஆற்றின் போக்கோடு போகலாம். போளூர் பக்கம் வந்து சேர்வதால் பேருந்துக்கும் ரயிலுக்கும் கஷ்டமில்லை. தென்கரையைப் போளூர் பக்கமிருந்து மண்டகொளத்தூரில் தொடங்கினால் மாலையில் திருவண்ணாமலை பக்கம் வந்துவிடலாம்.

சாலையால் கெட்ட யாத்திரை குறைவு, சாவியால் கெட்டதுதான் அதிகம். இவை பெரும்பாலும் ஒருகாலப் பூஜை நடக்கும் சிறு கோயில்கள். ஒரே குருக்கள் இரண்டு மூன்று ஊர்க் கோயில்களைப் பார்ப்பது சாதாரணம். காலையில் பூஜை முடித்து, கதவைச் சாத்தி, அடுத்த ஊருக்குச் சைக்கிளிலோ டிவிஎஸ்ஸிலோ போய்விடுவார். பதினொரு மணிக்கு மேல் போனால் பூட்டிய கதவுக்கு வெளியே கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முதல் நாள் மாலையே யாராவது ஒருவர் ஊர்களுக்குப் போய், சாவி யாரிடம் இருக்கிறது, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டால் மறுநாள் பாதி வேலை முடிந்தது. சாவி குருக்கள் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எதிர்வீட்டு ஆயாவிடமோ, பெட்டிக்கடையிலோ, பூக்கட்டுகிறவர் வீட்டிலோ இருக்கும். பிரதோஷம், சிவராத்திரி, ஐப்பசி அன்னாபிஷேகம் ஆகிய நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அன்று ஏழு கோயிலும் ஒரே நேரத்தில் பூஜையில் இருக்கும், ஒன்றில்தான் முழுதாக இருக்க முடியும்.

நேரக் கணக்கு இது. விளக்கேற்றி, அர்ச்சனை செய்து, பிரகாரம் சுற்றி வர ஒரு கோயிலுக்கு இருபத்தைந்து நிமிஷம். அபிஷேகம் என்றால் அலங்காரத்தோடு ஒரு மணி நேரம். ஏழு கோயிலிலும் அபிஷேகம் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் ஆகாது. முதல் கோயிலில் மட்டும் அபிஷேகம், மற்ற ஆறில் அர்ச்சனை என்று வைத்தால் காலை ஆறு முதல் பதினொன்று வரை நான்கு, மாலை நாலரைக்கு மேல் மூன்று என்று நிதானமாக முடியும். நடுப்பகலில் கோயிலைத் தேடாமல் சாப்பாட்டைத் தேடுங்கள். சிற்றூர்களில் ஹோட்டல் என்று எதையும் நம்ப முடியாது. புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு போவது நல்லது.

பூஜைச் சாமான்களைக் கோயில் வாசலில் வாங்கலாம் என்று வெறுங்கையோடு போகக்கூடாது. வாசலில் கடை இருக்காது. சுவாமி, அம்பாள், பிள்ளையார், முருகர், நந்தி என்று ஏற்றினால் கோயிலுக்கு நூற்றைம்பது மில்லி நல்லெண்ணெய் ஆகும், ஏழுக்கு ஒரு லிட்டர் சரியாகப் போகும். திரி தாராளமாக எடுங்கள், பழைய அகலில் கிடக்கும் திரி எண்ணெய்ச் சிக்கு பிடித்து எரியாது. சுவாமிக்கு நாலு முழ வேட்டி, அம்பாளுக்கு நூல் சேலை. மெழுகுப் பூச்சுள்ள பாலியெஸ்டர் துணி வேண்டாம், சின்னக் கருவறையில் தீபத்தின் அருகே அது ஆபத்து. வில்வத்தையும் பூவையும் முதல் நாள் இரவு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வாழை இலையில் பொதிந்து வைத்தால் மறுநாள் மாலை வரை வாடாது. பிளாஸ்டிக் பையில் போட்டால் பத்து மணிக்கே புழுங்கிவிடும். பால்தான் அதிகம் சதி செய்வது. விடியற்காலையில் வாங்கிக் காரில் வைத்த பால் வெயில் ஏறியதும் திரிந்துவிடும். கறவை நேரத்தில் ஊர்ப் பால் சொசைட்டியிலேயே அரை லிட்டர் வாங்கி முதல் கோயிலில் அபிஷேகத்தை முடித்துவிடுங்கள். நெருஞ்சியும் கருவேல முள்ளும் பிரகாரத்தில் சகஜம், செருப்பைக் கழற்றியபின் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும்.

இனி ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி இது மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால்தான் கரை முட்டும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது மழையில் அல்ல, வெயிலில்! சவ்வாது மலையில் கொட்டிய மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வந்துசேரும். செங்கத்துக்கு மேலே குப்பநத்தம் அணை இருக்கிறது; அது நிறைந்து திறந்துவிட்டாலும் அப்படித்தான். தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று வண்டியை இறக்காதீர்கள். மழைக்காலத்தில் ஆற்றில் குளிக்க இறங்கும்போது இன்னொரு எச்சரிக்கை, மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்து வந்தவர் அடுத்த அடியில் தலைமறைய மூழ்குவது இதனால்தான். வறண்ட நாளில் தீர்த்தமாடியே ஆக வேண்டும் என்பவர்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் ஊற்று எங்கே என்று காட்டுவார்கள். செம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

இந்த ஆற்றுக்குப் பெருவிழா ரதசப்தமி. அன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டுக் கலசப்பாக்கம் சேயாற்றுக்கு வந்து தீர்த்தவாரி காண்கிறார். கலசப்பாக்கம் திருமாமுடீஸ்வரரும் ஆற்றுக்கு எழுந்தருள்கிறார். சாமி வரும் வழியெல்லாம் ஊர்க்காரர்கள் காத்து நின்று தீபாராதனை எடுப்பார்கள், அதனால் இத்தனை மணிக்குத் தீர்த்தவாரி என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலையிலேயே மணலில் இடம் பிடித்துக் குடையோடு உட்காருவதே வழி. வண்டியை ஆற்றுக்கு வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். மணலில் இறக்கிய கார் சக்கரம் புதைந்தால் கூட்டம் கலையும் வரை அங்கேயேதான்.

கலசப்பாக்கம் வரை வந்தவர்கள் பூண்டி மகானின் சமாதியையும் விடக்கூடாது. ஆற்றங்கரையில் கிடந்து, வெள்ளம் வந்து மணல் மூடியும் அசையாமல் இருந்தவர் என்பதால் ஆற்று சுவாமிகள் என்று பெயர். பிற்காலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர் அங்கேயே வருஷக்கணக்கில் இருந்தார், 1978இல் சமாதி. பூண்டியில் கரைகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு இங்கே அரை மணி நேரம் சும்மா உட்கார்வது நல்லது. பேசாமல்.

பர்வதமலையை ஏழு கோயில் நாளில் சேர்க்காதீர்கள். 4,560 அடி. தென்மாதிமங்கலம் வழியில் அடிவாரத்தில் பச்சையம்மனும் முனிகளும், அதன்பின் படிகள், படி முடிந்ததும் கரடுமுரடான பாறைப் பாதை, கடைசியில் கடப்பாரை நெட்டு. பாறையில் அறைந்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டிய செங்குத்து. கடலாடி வழியும் உண்டு, அது பழக்கப்பட்டவர்களுக்கு. ஏற மூன்று முதல் நான்கு மணி நேரம். பலரும் ஏறும்போது களைப்பதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். விழுவதெல்லாம் இறங்கும்போது, தொடை நடுங்க ஆரம்பித்த பின்னால். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தோளில் மாட்டும் பை. கையில் ஒன்றும் கூடாது, சங்கிலிக்கு இரண்டு கையும் வேண்டும். தின்பண்டத்தை வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் குரங்கு பிடுங்கும், செங்குத்தில் அது விளையாட்டல்ல. மழை பெய்த பாறையில் ஏறவே வேண்டாம். வனத்துறையின் கட்டுப்பாடு காலத்துக்குக் காலம் மாறும், இரவில் ஏற விடுகிறார்களா என்று அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். பெரிய கோயில்களில் எட்டி நின்று பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே சுவாமியைத் தொட்டு, தாங்களே தண்ணீர் விட்டுப் பூப்போடலாம் என்பது கையும் காலும் ஓடாத அதிசயமாக இருக்கும். ஏற முடியாதவர்கள் மார்கழி முதல் நாள் மலையைச் சுற்றி வரும் கிரிவலத்தில் சேரலாம். ஆனால் அதுவும் அண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டரைவிட நெடுந்தொலைவு.

கால அவகாசம் இருந்தால் மூன்றாம் நாள் ஆற்றோடு கிழக்கே போங்கள். ஆற்றின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட செய்யாறு நகரில் திருவோத்தூர் வேதபுரீஸ்வரர். ஆண்பனை பெண்பனையாகிக் காய்க்கும்படி சம்பந்தர் பதிகம் பாடிய தலம். அதற்கும் கீழே திருமுக்கூடல், அங்கே பாலாறும் வேகவதியும் சேயாறும் சேர்கின்றன. கரையிலுள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்த செய்தியைச் சொல்வது. எழுத்து தேய்ந்த சுவர், உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்தின் நிழல் எழும்பி வரும்.