ஆறு குதிரைகள், எட்டுப் புல் குவியல்கள்

கால்நடை மருத்துவம் படித்து முடித்த பின் முதல் ஏழு ஆண்டுகள் பந்தயக் குதிரை லாயங்களில் பணியாற்றினேன். அங்கே குதிரைக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் அரைக்கதவு, கதவுக்கு மேலே நீண்டிருக்கும் ஒரு தலை. காலைப் பயிற்சி முடிந்ததும் நாளின் பெரும்பகுதியை அந்த அறைக்குள்ளேயே கழிக்கும் குதிரைகளைத்தான் நான் அறிந்திருந்தேன். ஒரு குதிரையைப் பற்றி என்னிடம் கேட்டால் அதன் கால்களையும் வயிற்றையும் இரத்தப் பரிசோதனையையும் பற்றி நெடுநேரம் பேசியிருப்பேன். அது யாருடன் நிற்க விரும்புகிறது, யாரைக் கண்டு விலகுகிறது என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே நான் நினைத்ததில்லை.

பிறகு உதகமண்டலத்துக்கு வெளியே, ஒரு வீட்டின் பின்புறத்தில் வளர்க்கப்பட்ட ஆறு குதிரைகளின் நலனைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் கிகுயூ புல் அடர்ந்த ஆறு ஏக்கர் சரிவு; சரிவின் அடியில் ஓர் ஓடை; மழைக்கும் உறைபனிக்கும் ஒதுங்க மூன்று பக்கம் அடைத்த ஒரு கொட்டகை. அல்லி என்ற சாம்பல் நிறப் பெட்டைக்கு அப்போதே 25 வயது கடந்திருந்தது. ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தாரா, காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி இனத்து ராணா, சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து களைத்த முத்து, மல்லி என்னும் இரண்டு மட்டக்குதிரைகள், கடைசியாக வந்து சேர்ந்த கேசரி என்ற செவலைப் பந்தயக் குதிரை. ராணாவும் முத்துவும் கேசரியும் காயடிக்கப்பட்ட ஆண்கள். பொலிக்குதிரை எதுவும் இல்லை.

கல்லூரி நாட்களில் கோடியக்கரையில் காட்டுவாசியாகிவிட்ட மட்டக்குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆண், சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று குடும்பம் குடும்பமாக அவை மேயும். நம் வீட்டு மேய்ச்சல் நிலங்களில் அந்த அமைப்பு கிடையாது. நாம் வாங்கியதும் பிறர் கைவிட்டதுமாக, வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த உயிர்களை ஒரே வேலிக்குள் சேர்த்துவிட்டு, இனி நீங்கள் ஒரு கூட்டம் என்று சொல்லிவிடுகிறோம். அதைக் கூட்டமாக ஆக்கும் உழைப்பு முழுவதையும் அவையே செய்கின்றன.

முதல் மாதம் தினமும் காலையில் வேலியோரத்துப் பாறையில் ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். யார் வந்தால் யார் நகர்கிறார்கள் என்பதை மட்டும் எழுதினேன். மிகப் பெரிய கூச்சலையும் உதையையும் எதிர்பார்த்த எனக்கு, அவற்றின் பேச்சு எவ்வளவு தணிந்த குரலில் நடக்கிறது என்பதே முதல் வியப்பு. ஒரு காது சற்றே பின்னால் சாயும், எதிரே நிற்பது தலையைத் திருப்பிக்கொள்ளும், விஷயம் முடிந்துவிடும். காதுக்குக் கட்டுப்படாவிட்டால் கழுத்து நீளும், அதற்கும் கட்டுப்படாவிட்டால் பின்புறம் திரும்பும். உண்மையான உதையை அந்த மாதத்தில் இரண்டே முறைதான் பார்த்தேன். இரண்டும் உலர்புல் போடும் நேரத்தில் நடந்தவை, இரண்டுக்கும் காரணம் நாங்கள்.

ஆறு குதிரைகளுக்கு ஆறு குவியல்களை நெருக்கமாக வைத்துக்கொண்டிருந்தோம். கூட்டத்திலேயே உயரம் குறைந்த மல்லி தன் குவியலில் இரண்டு வாய் எடுத்துவிட்டு அடுத்த குவியலுக்கு நடக்கும். அங்கிருந்த ராணா விலகித் தாராவின் குவியலுக்குப் போகும். தாரா முத்துவை நகர்த்தும். கடைசியில் கேசரி எந்தக் குவியலும் இல்லாமல் வெளியே நிற்கும். குவியல்களை எட்டாக்கி, இரண்டு குதிரைகள் தாராளமாகத் திரும்பக்கூடிய இடைவெளி விட்டுப் பரப்பிய பிறகு, இடம்பெயரும் குதிரைக்கு எப்போதும் ஒரு காலியிடம் இருந்தது. கேசரியின் முதுகில் இருந்த பல் தடங்கள் சில வாரங்களில் ஆறின. களிம்பு தடவியே நான் ஆற்ற முயன்ற காயங்கள் அவை.

மல்லிதான் தலைவி என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். அதை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. புல்லிடம் எல்லோரையும் விலக்கிய மல்லி, பத்து மணியளவில் ஓடையை நோக்கி நடந்தால் ஒருவரும் பின்தொடர மாட்டார்கள். சற்றுத் தூரம் போய்விட்டு அது திரும்பி வரும். அல்லி தலையை உயர்த்தி, ஒரு கணம் நின்று, சரிவில் இறங்கத் தொடங்கினால் ஐந்தும் வரிசையாகப் பின்னால் செல்லும். அல்லி யாரையும் கடித்து நான் கண்டதில்லை. அதிகாரம் செய்வதும் நம்பிப் பின்தொடரப்படுவதும் ஒரே குதிரையிடம் இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சரிவில்தான் கண்டேன். கூட்டத்தை நடத்துவது ஒரே ஒரு மூத்த பெட்டைதான் என்ற பழைய கருத்தும் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. பிரான்சில் பரந்த வேலிக்குள் வாழும் பிரெவால்ஸ்கி என்ற காட்டுக்குதிரைகளை ஆராய்ந்தவர்கள், கூட்டம் கிளம்புவதில் பல குதிரைகளுக்குப் பங்குண்டு என்று கண்டிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் அந்தப் பங்கின் பெரும்பகுதி அல்லியிடம் இருந்தது, அவ்வளவே.

கேசரியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே நான் தவறினேன். அதன் முன்கால் கணுக்களின் முன்பக்கத்தில் தோல் உரிந்து, ஆறி, மறுபடியும் உரிந்துகொண்டிருந்தது. ஓடி ஓய்ந்த குதிரை, மூட்டுத் தேய்ந்து இடறுகிறது என்று முடிவுகட்டினேன். எக்ஸ்ரேயில் குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. இருந்தும் வலிமருந்து கொடுத்தேன், கட்டுப் போட்டேன், மூன்று வாரங்களை வீணாக்கினேன். லாயத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருநாள் கட்டை அவிழ்த்தபடியே சொன்னார்: “டாக்டரம்மா, இவன் படுத்து நான் பார்த்ததே இல்லீங்க. மத்ததுங்க விலாவுல சேறும் சருகும் ஒட்டியிருக்கும். இவன் மேல ஒரு துரும்பாவது இருக்குதா, பாருங்க.”

அன்றிரவு கம்பளியைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்தேன். குதிரைகளின் காலில் தசைநாண்களும் தசைநார்களும் சேர்ந்து மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. அதனால் நின்றபடியே அவை கண்ணயர முடியும். ஆனால் கனவு வரும் ஆழ்ந்த உறக்கத்தில் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடும் என்பதால், அதற்குப் படுத்தே ஆக வேண்டும். அந்த உறக்கம் நாளுக்குச் சிறிது நேரம்தான் தேவை, ஆனால் அந்தச் சிறிது நேரம் கிடைக்காமல் நாள்கணக்கில் போனால் உடல் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும். அதிகாலை மூன்று மணியளவில் அதைக் கண்ணால் பார்த்தேன். மற்றவற்றிலிருந்து இருபது அடி தள்ளி நின்ற கேசரியின் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்தது, முன்கால்கள் மடங்கின, கணுக்கள் தரையில் உராய அது சரிந்து, திடுக்கிட்டு எழுந்து நின்றது. விடிவதற்குள் நான்கு முறை அப்படி நடந்தது. நான் மூட்டு நோய் என்று எழுதியிருந்த காயம் உறக்கமின்மையின் காயம்.

வலியால் படுக்காதிருக்கலாம், இடம் போதாமல் படுக்காதிருக்கலாம், பாதுகாப்பு இல்லை என்ற உணர்வால் படுக்காதிருக்கலாம். வலிமருந்து எதையும் மாற்றவில்லை. இடமோ தாராளமாக இருந்தது. மற்ற குதிரைகள் படுக்கும்போது ஒன்றாவது நின்று காவல் காக்கும். பெரும்பாலும் அல்லி, சில சமயம் தாரா. அந்தக் காவல் வட்டத்துக்குள் கேசரி இல்லை. சுற்றிலும் ஐந்து குதிரைகள் இருந்தும் அது தனியாகவே இருந்தது. இதற்கு என் மருந்துப் பெட்டியில் எதுவும் இருக்கவில்லை.

கூட்டத்திலேயே சாதுவான முத்துவையும் கேசரியையும் பிரித்து, நடுவே ஒரு வேலி மட்டும் இருக்கும்படி பக்கத்துப் பக்கத்தில் விட்டோம். பெரியவரின் யோசனைதான். மல்லியைப் பிரிந்த முத்து முதல் இரண்டு நாட்களும் கனைத்துக்கொண்டே இருந்தது. அந்த ஓசையைக் கேட்டபடி என் முடிவில் உறுதியாக நிற்பது எளிதாக இருக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் வேலிக்கு மேலாக முத்து கழுத்தை நீட்டியது. பிடரி முடியும் இடத்தில், தோள்மேட்டில், இரண்டும் ஒன்றையொன்று பற்களால் மெல்லச் சொறிந்துகொண்டன. 1993-ஆம் ஆண்டு பிரான்சின் கமார்க் குதிரைகளைக் கொண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, சரியாக அந்த இடத்தில் சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று காட்டியது. அதைப் படித்த நாளிலிருந்து ஊசி போடுவதற்கு முன் கழுத்தில் தட்டிக்கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன், தோள்மேட்டைச் சொறிகிறேன். குதிரை கீழுதட்டைத் தளர்த்தும் வரை காத்திருக்கிறேன்.

வேலியை நீக்கி, இரண்டையும் ஒன்றாகவே கூட்டத்துக்குள் அனுப்பினோம். மல்லி வழக்கம்போல் கேசரியை விரட்ட வந்தது. முத்து நகராமல் நின்றதால் அதைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது, அதற்குள் வேகம் தணிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள் காலை, உறைபனி இன்னும் உருகாத நேரத்தில், கேசரியின் வலது விலாவில் தோளிலிருந்து தொடை வரை சேறு ஒட்டியிருந்தது. பெரியவர் தேய்த்துவிடப் பிரஷை எடுத்தார். இன்று ஒருநாள் அப்படியே இருக்கட்டும் ஐயா என்றேன். சில நாட்கள் கழித்து அது முழுதாகச் சாய்ந்து, கால்கள் கனவில் துடிக்க உறங்குவதையும், அதன் தலைமாட்டில் அல்லி நிற்பதையும் நேரிலேயே கண்டேன். கணுக்காயங்கள் ஆறி, அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது.

மூன்றாவது ஆண்டு மழைக்காலத்தில் அல்லி இறந்தது. பற்கள் தேய்ந்து புல்லை மெல்ல முடியாமல் போன பின், ஊறவைத்த தீவனத்தில்தான் அந்த ஆண்டைக் கடத்தியிருந்தது. உடலை உடனே அகற்ற வேண்டாம் என்று வீட்டம்மா சொன்னார். ஒவ்வொன்றாக வந்து முகர்ந்தன. தாரா மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றது.

மறுநாள் பத்து மணிக்கு ஒருவரும் ஓடைக்கு இறங்கவில்லை. நான் பாறையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை அளவில் தாரா நான்கு அடி நடந்து, திரும்பிப் பார்த்து, நின்றுவிட்டது. பிறகு மல்லி கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. வெயில் ஏறிய பின் கேசரி தலையை உயர்த்தி மெல்ல நடக்கத் தொடங்கியது. முத்து அதன் வாலருகே ஒட்டிக்கொண்டு நடந்தது. முத்து நடந்ததால் மல்லியும், மல்லிக்குப் பின்னால் ராணாவும் கிளம்பின. தாரா கடைசியாக வந்தது. ஓடையை அடைவதற்குள் கேசரி இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் மற்றவை அதன் பின்னால் நின்று காத்திருந்தன.