ஆழ்கடல் ஸ்காலப்புக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு: எங்கே இழுத்தடிக்கும்?

ஒருவழியாகக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, நிம்மதி. கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த அந்த ஸ்காலப் (விசிறி வடிவச் சிப்பி) புது இனம் என்பதில் ஆரம்பத்திலேயே பெரிய சந்தேகம் இல்லை. படுத்தியதெல்லாம் மற்ற வேலைகள். சிங்கப்பூரிலிருந்து இதில் இறங்குகிறவர்களுக்கு அவற்றை மட்டும் சொல்கிறேன்.

எத்தனாலில் போட்ட திசுவை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் போனால், தீப்பிடிக்கும் திரவம் என்பதால் எத்தனால் என்ற சொல்லைக் கேட்டதுமே கூரியர் கவுண்டரில் பெட்டியைத் தள்ளிவிட்டார்கள். விமானச் சரக்குக்கான அயாட்டா விதிகளில் இதற்கென்றே ஏ180 என்ற சிறப்பு விதி இருக்கிறது. குப்பிக்கு 30 மில்லிலிட்டர், பெட்டிக்கு மொத்தம் 1 லிட்டர், அதற்கு மேல் திரவம் கூடாது. குப்பிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெப்பத்தால் ஒட்டி, உறிஞ்சுபொருளோடு இன்னொரு பையில் வைத்து அதையும் ஒட்ட வேண்டும். பெட்டியின் மேல் ஏ180 வாசகம் கட்டாயம். கவுண்டரில் இருந்தவருக்கு அந்த எண்ணே தெரியவில்லை. அச்சடித்த விதியைக் காட்டிய பிறகுதான் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அந்தத் தாள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அனுமதிக் கடிதத்தையும் வரிவரியாகப் படியுங்கள். மாதிரி எடுத்த இடம் ஒரு நாட்டின் கடல்சார் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்தால், 'ஆய்வுக்கு' என்ற ஒற்றைச் சொல் போதாது. மரபணு வரிசை எடுக்கவும், ஹோலோடைப்பை (இனப்பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) வெளிநாட்டில் வைக்கவும் தனித்தனியாக ஒப்புதல் எழுதியிருக்க வேண்டும்.

கப்பலில் ஃபார்மலின் பக்கமே போகக்கூடாது. அது டிஎன்ஏவைச் சிதைக்கும், அமிலமாகிவிட்டால் இந்த மெல்லிய ஓட்டையும் கரைத்துவிடும். 95 சதவீத எத்தனால் ஊற்றி, முதல் நாளே ஒருமுறை மாற்றுங்கள். உலர்ந்த ஓடுகளுக்கு நம்மூர் ஈரப்பதம் பெரிய எதிரி. மரப்பெட்டியும் சாதாரண அட்டையும் விடும் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து ஓட்டில் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். மின்னணு நுண்ணோக்கிக்குப் போகும் வரை உலர்பெட்டியில், கண்ணாடிக் குப்பியில் வையுங்கள்.

வகைப்பாட்டில் எந்தக் குடும்பம் என்பதிலேயே தடுமாறலாம். கிழக்குப் பசிபிக் முகட்டில் கிடைத்த வல்கனை என்ற ஸ்காலப் இனம் 1985இல் பாத்திபெக்டன் பேரினத்தில், பெக்டினிடே குடும்பத்தில் விவரிக்கப்பட்டது. இன்று அது புரோபியாமுசிடேயில், கேட்டிலோபெக்டன் பேரினத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டியது வலது ஓட்டின் பைசஸ் வெட்டில் (ஒட்டிக்கொள்ளும் நார் வெளிவரும் பள்ளம்) உள்ள சீப்புப் பல்வரிசை. அது பெக்டினிடேயின் அடையாளம், ஆனால் சிலவற்றில் வளர்ந்த பின் மறைந்துவிடும். அதனால் இளம் ஓட்டையும் படமெடுங்கள். ஓட்டின் உட்புறத்தில் மேடான உள்வரிகள் இல்லை என்பதை வைத்து மட்டும் புரோபியாமுசிடேயை ஒதுக்கவும் முடியாது, உள்வரி இல்லாத பேரினங்கள் அதிலும் உண்டு.

ஒப்பிட வேண்டிய பழைய ஹோலோடைப்பை அருங்காட்சியகங்கள் எளிதில் கடன் தருவதில்லை. எங்களுக்கு வந்தது வெளிப்புறப் படம் மட்டும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கீல்கோடு (இரு ஓடுகளும் இணையும் விளிம்பு), உட்புறம், பைசஸ் வெட்டு, மூன்றும் அளவுகோலுடன் வேண்டும் என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

இனத்தை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ மரபணுப் பகுதியைப் பொது பிரைமர்களால் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) நகலெடுக்கும்போது வராமல் போனால், அதிலேயே நாட்களைக் கடத்தாமல் 16எஸ், 28எஸ் மரபணுக்கள் பக்கம் போய்விடுங்கள்.

பெயரில் கடைசி நேரத் திருத்தம்: லத்தீனில் பெக்டன் ஆண்பால். உரிச்சொல்லாக வைக்கும் இனப்பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும். இணைய இதழ் என்றால் வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்ப் பதிவேடான சூபேங்கில் பதிந்து, அதற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஹோலோடைப் இருக்கும் சேகரிப்பின் பெயரும் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் பெயர் செல்லாது. அச்சுப்படியில் சூபேங்க் எண் விடுபட்டிருந்ததை வெளியாவதற்கு முந்தைய நாள் பிடித்தோம்.